குறுநாவலும் நாவலும்: நீளம் என்னும் அளவுகோல்

குறுநாவலை நாவலினின்று பிரித்தறியச் சொற்றொகையை அளவுகோலாகக் கொள்வோர் உளர். ஈ. எம். போர்ஸ்டர் 1927இல் நாவலுக்கு 50,000 சொற்களைக் கீழெல்லையாக வகுத்தார். இத்தகைய எல்லைகள் இலக்கியத்தின் உள்ளியல்பிற் பிறந்தவையா என்பது ஆராய்தற்குரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாவலின் நீளத்தைப் பெரிதும் நிருணயித்தது சந்தையே. 1842இல் தோன்றிய மியூடியின் சந்தா நூல்நிலையம் மூன்று பாக நாவல்களையே விரும்பியது. ஒரு நாவலை ஒரே வேளையில் மூவருக்கு இரவல் கொடுக்கலாமன்றோ! 31 சிலிங் 6 பென்ஸ் என்ற விலை மத்தியதர வாசகரையும் சந்தாதாரராக்கியது. மூன்று பாகங்களை நிரப்ப எழுத்தாளர் கதையை நீட்டினர். 1894இல் மியூடியும் ஸ்மித் நிறுவனமும் கொள்வனவு விலையைக் குறைக்குமாறு கோரவே, அவ்வடிவம் சில ஆண்டுகளில் மறைந்தது.

1899இல் சஞ்சிகையொன்றில் மூன்று பகுதிகளாக வெளிவந்த ஜோசப் கொன்ராடின் ‘இருளின் இதயம்’ 40,000 சொற்களுக்கும் குறைந்தது. எனினும் கொங்கோவில் நிகழ்ந்த காலனித்துவச் சுரண்டலை அது பல பெருநாவல்கள் தொடாத ஆழத்தில் அணுகியது.

நீளம் நூற்பட்டியலுக்கு உதவலாம். ஆயின் குறுநாவலை முற்றுப்பெறாத நாவலெனக் கருதுவது, சந்தை வளர்த்த பழக்கத்தை இலக்கிய விதியென மயங்குவதாகும்.