நீராவி எஞ்சின் கற்பித்த வரலாறு

வரலாறு என்றவுடன் மாணவர் பலர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் பழைய நாணயமுமே நினைவிற்கு வருகின்றன. மன்னர் மறைந்த பின்னும் அவர்கள் வெட்டுவித்த எழுத்து நின்று நமக்குச் செய்தி சொல்லுகிறது. ஆனால் வரலாறு கல்லிலும் செம்பிலும் மட்டுமா எழுதப்பட்டது? இரும்பிலும் எழுதப்பட்டது. அந்த இரும்பெழுத்தைப் படிக்க எனக்குக் கற்பித்த பள்ளி விழுப்புரம் ரெயில் சந்திப்பு ஆகும். 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் அங்கே சென்று எஞ்சின் பார்ப்பதே எங்களைப் போன்ற சிறுவர்க்குப் பெரும் பொழுதுபோக்காக இருந்தது.

இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கிற்கென்றே நூல்கள் உண்டு. 1942ஆம் ஆண்டில் இயான் ஆலன் என்பவர் எஞ்சின்களின் எண்களைத் தொகுத்துச் சிறு கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். சிறுவர்கள் தாம் கண்ட எஞ்சினின் எண்ணை அதில் கோடிட்டுக்கொண்டனர். எங்களுக்கு அத்தகைய நூல் ஏது? சென்ற ஆண்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதாமல் எஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைத்துக்கொள்வோம். பென்சிலால் எண்களை எழுதுவோம். எழுதுவதற்கும் பஞ்சமில்லை. விழுப்புரத்தில் ஐந்து பாதைகள் கூடுகின்றன. வடக்கே சென்னைக்கு ஒன்று. கிழக்கே புதுச்சேரிக்கு ஒன்று. திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கு ஒன்று. விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று. கடலூர், மாயவரம், தஞ்சை வழியாக மற்றொன்று. எஞ்சின்கள் தங்கிச் செல்லும் லோகோ ஷெட்டும் அங்கே இருந்தது.

நான் படித்த முதல் எழுத்து, இரு தண்டவாளங்களுக்கும் இடையேயுள்ள அகலம். 1958 அக்டோபர் முதல் நம் நாட்டில் மெட்ரிக் அளவைமுறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கெஜமும் அடியும் பழகியிருந்த எங்கள் வகுப்பிற்கு ஆசிரியர் ஒரு மீட்டர் அளவுகோலைக் கொணர்ந்து காட்டினார். நாங்கள் அதே நீளத்திற்கு ஒரு கயிற்றை வெட்டிக்கொண்டு போய், பாதையைப் பழுது பார்க்கும் கேங்மேன் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் அதைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே பிடித்துக் காட்டினார். இம்மியும் கூடாமல் குறையாமல் பொருந்திற்று. நாட்டிற்குப் புதிதாக வந்த மீட்டர், எங்கள் ஊர்த் தண்டவாளத்தில் எண்பது ஆண்டுகளாகவே கிடந்தது!

இது எவ்வாறு நேர்ந்தது? டல்ஹௌசி பிரபு காலத்தில் இந்தியப் பாதைகளுக்கு ஐந்தடி ஆறங்குல அகலம் வகுக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டளவில், மேயோ பிரபுவின் ஆட்சியில், செலவைக் குறைக்கக் கருதிக் குறுகிய பாதையொன்றை மேற்கொண்டனர். அப்போது இந்தியா முழுவதற்கும் மெட்ரிக் அளவையைக் கொண்டுவரும் எண்ணம் அரசாங்கத்திற்கு இருந்தது. ஆகவே புதிய பாதையின் அகலத்தை ஒரு மீட்டர் என்று முடிவு செய்தனர். பின்னர் அளவைத் திட்டம் கைவிடப்பட்டது. பாதையின் அகலம் மட்டும் நிலைத்துவிட்டது. 1860களில் அகலப் பாதையாக இடப்பட்ட நாகப்பட்டினம்–திருச்சி வழிகூட, 1874இல் தென்னிந்திய ரெயில்வே அமைந்ததை ஒட்டி, மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டது. செலவு குறைந்தது என்பது உண்மையே. ஆனால் காட்பாடி போன்ற இடங்களில் இருவகைப் பாதைகளும் சந்தித்தன. அங்கே சரக்கு முழுவதையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏட்டில் மிச்சமான செலவைக் கூலியாளின் முதுகு சுமந்தது. இந்த வேற்றுமையை நீக்கி ஒரே அகலமாக்கும் பெருந்திட்டம் 1992இல்தான் தொடங்கியது.

இரண்டாவது எழுத்து, எஞ்சினின் மேனியில் தீட்டியிருந்த ஆங்கில எழுத்து. ‘டபிள்யூ’ என்றால் அகலப் பாதை. ‘ஒய்’ என்றால் மீட்டர் பாதை. அடுத்து வரும் ‘பி’ பயணிகள் வண்டியையும், ‘ஜி’ சரக்கு வண்டியையும் குறித்தன. எழுத்தைப் பாராமலே சக்கரத்தைக் கொண்டும் வகையைச் சொல்லிவிடலாம். ஒய்.பி. எஞ்சினை இழுத்துச் செல்லும் பெருஞ்சக்கரங்கள் ஆறு. விட்டம் நாலரை அடி. ஒய்.ஜி. எஞ்சினுக்கு எட்டு, விட்டம் நான்கடி. விரைவு வேண்டின் பெரிய சக்கரம். பாரம் இழுக்க வேண்டின் சிறிய சக்கரங்கள் பல. பௌதிகப் பாடம் எங்கள் கண்முன் உருண்டு சென்றது.

கணக்குப் பாடமும் உண்டு. இவ்வகை எஞ்சினுக்கு இரு பக்கமும் இரண்டு உருளைகள் உள்ளன. ஒவ்வோர் உருளையிலும் நீராவி முன்னும் பின்னுமாக மாறி மாறித் தள்ளுவதால், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் புகைபோக்கி நான்கு முறை ‘குப்’ என்று மூச்சு விடும். ஒய்.பி. எஞ்சினின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 4.3 மீட்டர் கடக்கும். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 930 மூச்சு! வண்டி புறப்படுகையில் அம்மூச்சை எண்ணத் தொடங்குவோம். வேகம் மிக மிக எண்ணிக்கை நழுவிவிடும்.

மூன்றாவது எழுத்து, எஞ்சினின் பக்கத்தில் பதித்திருந்த தகடு. அதனை ஆக்கிய தொழிற்சாலையின் பெயரும் ஆண்டும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜாவை நோக்கித் தென்னாட்டின் முதல் ரெயில்வண்டி புறப்பட்டது. அக்காலந்தொட்டு நம் நாட்டிற்கு எஞ்சின்கள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்தே கப்பலேறி வந்தன. நம்மவர்க்குச் செய்யத் தெரியாதா? 1895ஆம் ஆண்டிலேயே அஜ்மீர்ப் பணிமனையில் எஞ்சின் ஒன்று செய்து முடிக்கப்பட்டது. திறமை இருந்தது, ஆயினும் அது பெருந்தொழிலாக வளர அன்றைய ஆட்சி இடந்தரவில்லை. விடுதலைக்குப் பின் 1950இல் சித்தரஞ்சனில் எஞ்சின் தொழிற்சாலை எழுந்தது. ஒய்.பி. வகையின் முதல் எஞ்சின்கள் 1949இல் அமெரிக்காவிலிருந்து வந்தன. அடுத்துக் கிளாஸ்கோவிலிருந்தும் மியூனிக்கிலிருந்தும் வந்தன. பின்னர் ஜம்ஷெட்பூரிலேயே உருவாயின. ஒரே வகை எஞ்சின். ஆனால் தகட்டில் ஊர்ப்பெயர் மாறிக்கொண்டே வந்தது. அரசியல் விடுதலை தொழில் விடுதலையாக மாறிய வரலாற்றை அத்தகடுகள் வரிசையாகச் சொல்லின. ஜம்ஷெட்பூர் என்ற பெயரை நோட்டில் எழுதும்போது எங்கள் பென்சில் சற்றே அழுத்தமாகப் பதியும்.

இவையெல்லாம் இரும்பு சொன்ன வரலாறு. இரும்பு சொல்லாத வரலாறும் ஒன்று உண்டு. அதனை நான் எங்கள் தெருவில் குடியிருந்த ஃபயர்மேன் ஒருவரிடம் கேட்டேன். நாங்கள் எண்ணி மகிழ்ந்த ஒவ்வொரு மூச்சுக்கும் அடியில் அவர் வாரியிட்ட கரி எரிந்தது. எதிரே உலைத் தீ. தலைக்கு மேலே சித்திரை வெயில். காலடியில் ஓயாத ஆட்டம். கரியை ஒரே இடத்தில் கொட்டினால் நெருப்பு மூச்சுத் திணறும். மெல்லியதாக, எங்கும் பரவ, மேடு வருமுன்னரே இடவேண்டும். கரும்புகை மிகுதியாக எழுந்தால் அது கரி வீணாவதற்கு அடையாளம் என்பார். நாங்கள் கைதட்டி வரவேற்ற கரும்புகையைத் தேர்ந்த தொழிலாளி விரும்புவதில்லை! அவருடைய முன்கையில் தீப்பட்ட வடுக்கள் பல இருந்தன. எந்த எஞ்சினில் எந்த வடு வந்தது என்று எண்ணோடு சொல்லுவார்.

அவர் தலைமுறைக்கு முந்தியவர்கள் இன்னும் துன்புற்றனர். ஆங்கிலேயர் ஆட்சியில் மெயில் வண்டி ஓட்டும் உயர்ந்த பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ-இந்தியர்க்குமே கிட்டின. 1928 ஜூலையில் தென்னிந்திய ரெயில்வே தொழிலாளர், ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பொருட்டுச் சிங்காரவேலர் சிறை சென்றார். 1946 செப்டம்பரில் பொன்மலையில் போராடிய தொழிலாளர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. எஞ்சின் தகட்டில் தொழிற்சாலையின் பெயர் உண்டு. அதனை ஓட்டியவர், கரி வாரியவர், பழுது பார்த்தவர் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை.

நீராவிக் காலம் விரைவாகவே முடிந்தது. 1970இல் அகலப் பாதைக்கான கடைசி நீராவி எஞ்சினைச் சித்தரஞ்சன் செய்து முடித்தது. அதற்குக் ‘கடைசி விண்மீன்’ எனப் பொருள்படும் ‘அந்திம் சிதாரா’ என்று பெயரிட்டனர். மீட்டர் பாதைக்கான இறுதி எஞ்சின் 1972இல் வெளிவந்தது. பின்னர் டீசலும் மின்சாரமும் நாடெங்கும் பரவின. நீராவி எஞ்சின் கரியையும் நீரையும் மிகுதியாக விழுங்கியது, ஆளையும் வருத்தியது. ஆகவே அது போனதில் தவறில்லை. வெட்டி உருக்கப்பட்டவை மிகப் பல. சில எஞ்சின்கள் சென்னை, திருச்சி ரெயில்வே அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. 2005இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற நீலகிரி மலைப்பாதையில் நீராவி எஞ்சின் இன்றும் மூச்சு விடுகிறது.

மாணவ நண்பர்களே! அருங்காட்சியகத்தில் ஒரு பழைய எஞ்சினைக் காண நேர்ந்தால், அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்வதோடு திரும்பிவிடாதீர்கள். அதன் எழுத்தைப் படியுங்கள், சக்கரத்தை எண்ணுங்கள், தகட்டில் உள்ள ஊரும் ஆண்டும் எவை என்று பாருங்கள். பிறகு உங்கள் ஊரில் ரெயில்வேயில் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரைத் தேடிச் சென்று, அவர் பெயரையும் அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரும்பைக் காக்க அரசாங்கம் இருக்கிறது. நீராவி எஞ்சினில் உழைத்த கைகள் நாளுக்கு நாள் அருகி வருகின்றன. அவர்களுடைய வரலாறு உங்கள் பேனாவை நம்பியிருக்கிறது.