தேனீ இனங்கள்: மூளை வேதியியலும் குண வேறுபாடும்

ஏபிஸ் மெல்லிஃபெரா எனப்படும் மேற்கத்தியத் தேனீயில் 20-க்கும் மேற்பட்ட துணையினங்கள் உண்டு. இத்தாலியத் தேனீயும் கார்னியோலத் தேனீயும் சாதுவானவை. ஆப்பிரிக்காவின் ஸ்கூட்டெல்லாட்டாவுக்கோ மூக்கின் மேல் கோபம். இத்தனைக்கும் மூளை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரு கன மில்லிமீட்டர்தான். அதற்குள் சுமார் 10 லட்சம் நரம்பணுக்கள்.

இக்குண வேறுபாடு உலகின் கவனத்துக்கு வந்தது ஒரு விபத்தால். ஐரோப்பியத் தேனீக்கள் பிரேசிலின் வெப்பத்துக்கு ஒத்துவராததால், மரபியலாளர் வார்விக் கெர் 1956-இல் ஆப்பிரிக்காவிலிருந்து ராணித் தேனீக்களைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே சாவ் பாவ்லோ மாநிலத்தின் ரியோ கிளாரோ அருகே, பெட்டி வாயிலில் ராணி வெளியேறாதபடி பொருத்தியிருந்த தடுப்புகளை யாரோ அகற்றிவிட, 26 கூட்டங்கள் பறந்துபோயின. அங்கிருந்த ஐரோப்பியத் தேனீக்களோடு கலந்து, வடக்கே பரவி, 1990-இல் அமெரிக்காவின் டெக்சாஸை எட்டின. ‘கொலைகாரத் தேனீ’ என்பது பத்திரிகைகளின் கைவண்ணம். ஒரு கொட்டில் ஏறும் விஷம் ஐரோப்பியத் தேனீயின் விஷத்தைவிடக் கடுமையானதல்ல. நூற்றுக்கணக்கில் திரண்டு, நெடுந்தொலைவு துரத்திக் கொட்டுவதே ஆபத்து.

தேனீ கொட்டும்போது கொடுக்கின் அடியிலிருந்து ஐசோபென்டைல் அசிடேட் வெளியாகிறது. நமக்கு அது பழுத்த வாழைப்பழ வாசனை, கூட்டுக்குப் போர் முரசு. இந்த வாசனை பட்ட தேனீக்களின் மூளையில் செரடோனினும் டோபமைனும் உயர்வதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்விரண்டையும் மருந்துகளால் கூட்டியபோதும் தேனீக்கள் கொட்டும் வேகம் பெற்றன.

இலினாய் பல்கலைக்கழகத்தின் ஜீன் ராபின்சன் குழு 2009-இல் இரு இனங்களின் மூளைகளை ஒப்பிட்டது. அபாய வாசனையை முகர்ந்த ஐரோப்பியத் தேனீயின் மூளையில் செயல்பாடு மாறும் மரபணுக்களில் பல, ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீயிடம் வாசனை இல்லாமலே அந்த நிலையில் இருந்தன. வளரும் கூட்டுக்கும் பங்கு உண்டு என்றாலும், கோபத்தைப் பிறவிக்குணம் என்பதில் தவறில்லை.

நோயுற்ற புழுவை மோப்பம் பிடித்து வெளியேற்றும் துப்புரவுக் குணமும் இனவழி வருவதே. 1964-இல் வால்டர் ராத்தன்புலர் இதற்கு இரண்டு மரபணுக்களே காரணம் என்றார். கணக்கு அவ்வளவு எளிதல்ல என்று பின்னர் தெரிந்தது. மின்னசோட்டாவின் மார்லா ஸ்பிவாக் குழு 2003-இல் இதில் ஆக்டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் பங்கைக் காட்டியது.

பிறவிக்கோபமும் மாறாததல்ல: புவேர்ட்டோ ரிக்கோ தீவில் ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீக்கள் சாதுவாகிவிட்டன. பிரேசிலின் தேன் உற்பத்தி இன்று பெரும்பாலும் கெரின் தேனீக்களின் வழித்தோன்றல்களையே நம்பியிருக்கிறது.