ஓரிடத்தில் தங்கிப் பார்ப்போம்: ஒகேனக்கல் முதல் தரங்கம்பாடி வரை



இந்த ஆண்டுச் சுற்றுலா எங்கே என்று அடுத்த பொதுக்குழுவில் முடிவெடுக்கப் போகிறோம். நான்கு நாளில் பதினோரு ஊர் என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே வந்துவிட்டது. அதற்குக் கை தூக்குவதற்கு முன் இந்த வரலாற்றுப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். என் யோசனை வேறு. பஸ்ஸில் போய்த் தரங்கம்பாடியில் மூன்று இரவு தங்குவோம். பகலில் அங்கிருந்து ஒரு நாளைக்கு ஒரே ஓர் ஊர். இருட்டுவதற்குள் தங்குமிடம் திரும்பிவிடுவோம்.

இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காகச் சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். குழுச் சுற்றுலா பெரும் தொழிலாக வளர்ந்ததில் அந்தப் பயணத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் பஸ்களும் சேர்ந்துகொண்டன. 1938-ல் சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டம் அங்கே வந்தது. ஆலைத் தொழிலாளிகள் குடும்பத்தோடு பிளாக்பூல் போன்ற கடற்கரை ஊரில் தங்கி, பக்கத்து ஊர்களைப் பகலில் பார்த்துவிட்டு வருவது வழக்கமாயிற்று. ஆண்டு முழுதும் இயந்திரத்தின் வேகத்துக்கு ஓடியவர்கள், விடுமுறையிலும் ஓட விரும்பவில்லை.

நாமோ சுற்றுலாவில்தான் அதிகம் ஓடுகிறோம். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு குழுவோடு நானும் அம்மாவும் போனோம். கடைசி நாள் பூம்புகார் சேரும்போது மாலை ஆறு மணி. கடற்கரையில் இருபது நிமிடம்தான். அம்மா பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஆடிப்பெருக்குக்குத் தவறாமல் ஒகேனக்கல் போவார். அன்றுதான் முதல்முறை கடலைப் பார்த்தார். "நம்ம ஒகேனக்கல் தண்ணிதானே இங்க வந்து சேருது? எந்தப் பக்கமா வருது?" என்று கேட்டார். அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். அப்புறம் பார்க்கலாம் என்று கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினேன். அம்மா இப்போது இல்லை. அந்தக் கேள்விக்கான பதிலைப் பிறகுதான் தேடிப் படித்தேன். அதில் கொஞ்சம் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் பகல்: பூம்புகார்

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவது நம் மாவட்டத்தின் எல்லையில். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்கள் நம் பக்கம் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. இங்கே தாகம் தீர்த்த ஆறு, 1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையில் தேங்கி, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் என்றும் காவிரி என்றும் பிரிகிறது. வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்தோடு போய்விடும். காவிரி என்ற பெயரோடு போகும் ஆறு, வயல்களுக்கெல்லாம் பங்கு கொடுத்துக்கொண்டே போய், பூம்புகாரில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சிறுத்துத்தான் கடலில் கலக்கிறது. அம்மா தேடிய அகன்ற ஆறு அங்கே இல்லாததற்குக் காரணம் இதுதான்.

சங்க காலத்தில் அங்கே இருந்தது சோழர் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினம். பக்கத்துக் கீழையூரில் நடந்த அகழாய்வில் படகுத்துறையின் செங்கல் கட்டுமானம் கிடைத்தது. நகரைக் கடல் கொண்டதாக மணிமேகலை சொல்கிறது. 1973-ல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் சேர்த்துப் பார்க்க அரை நாளாவது வேண்டும். இருபது நிமிடம் போதாது.

இரண்டாம் பகல்: வேதாரண்யம்

தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் வழியாகத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர். இங்கே நமக்கு இன்னொரு உறவு உண்டு. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூர் பக்கம். 1965-ல் தர்மபுரி மாவட்டம் உருவானபோது அந்த ஊர் நம்மோடு இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது அங்கே போனது. கடலே இல்லாத நம் பக்கத்தில் பிறந்த அவர்தான், 1930 ஏப்ரல் 13 அன்று சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து உப்பெடுக்கக் கடலை நோக்கி நடந்தார். 240 கிலோமீட்டர் தூரம். அவர்களுக்குச் சோறும் இடமும் தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்களோ சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பள்ளிக் கைதானார். உள்நாட்டு ஏழைக்கும் அன்றாடம் வேண்டிய பொருள் உப்பு. அதன் மேல் போட்ட வரி கடலோரத்துப் பிரச்சினை மட்டுமல்ல, நம் ஊர்ப் பிரச்சினையும்தான்.

காலையும் மாலையும்: தரங்கம்பாடி

தங்கும் ஊரைப் பஸ் ஏறாமல் நடந்தே பார்த்துவிடலாம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க் நாட்டவர் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்கும்வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. 1706 ஜூலை 9-ல் வந்திறங்கிய சீகன்பால்கு இங்கேயே தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் இங்கே அச்சாகி முடிந்தது. 1792-ல் கட்டிய நகர வாயில் வழியாகத்தான் இன்றும் ஊருக்குள் நுழைகிறோம்.

கோட்டைக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயிலான இதன் முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. காலையில் பார்த்த கல்லின் மேல் மாலையில் தண்ணீர் ஏறுவதை, அங்கே தங்கினால்தான் பார்க்க முடியும். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளிக்க இறங்கும் முன் அங்குள்ள மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குழந்தைகளைக் கூட்டி வருபவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

சேலம், ஆத்தூர், விருத்தாசலம், சிதம்பரம் வழியாகப் போக ஏழெட்டு மணி நேரம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையும் புயலும் ஓய்ந்தபின் ஜனவரி, பிப்ரவரியில் போவது நல்லது. முட்டிவலி உள்ள பெரியவர்கள் ஒரு பகல் பஸ் ஏறாமல் தங்குமிடத்திலேயே இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பதினோரு ஊர்ப் பட்டியலில் அதற்கு வழியில்லை. ஊருக்கு ஊர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களும் ஏறி இறங்கியாக வேண்டும்.

பட்டியலில் ஊர் குறைவதால் காசுக்குத் தகுந்த சுற்றுலா இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களை ஒன்று கேட்கிறேன்: போன முறை பார்த்த ஊர்களில் எத்தனை உங்களுக்கு நினைவிருக்கிறது? யோசித்துவிட்டுப் பொதுக்குழுவுக்கு வாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.