பெயர் போன பிறகு வந்த வலி

1997இல் மிட்வே கொண்டுவந்த ஆர்கேட் கேம் 'என்எஃப்எல் பிளிட்ஸ்'. அமெரிக்கன் ஃபுட்பாலில் அணிக்கு 11 பேர். இதில் 7 பேர்தான். விசில் ஊதிய பிறகும் விழுந்தவன்மேல் பாயலாம், அபராதம் கிடையாது.

2004 டிசம்பரில் என்எஃப்எல் தன் உரிமத்தை ஈஏ நிறுவனத்துக்கு மட்டும் என்று கொடுத்தது. மிட்வே சும்மா இருக்கல. 2005இல் கற்பனை அணிகளோடு 'பிளிட்ஸ்: தி லீக்' வந்தது. எலும்பு முறிவதைக் காட்டினார்கள். அடிபட்டவனுக்கு ஊசி போட்டு மறுபடி களத்தில் இறக்கலாம். ஆஸ்திரேலியா அனுமதி மறுத்தது. விமர்சகர்களில் சிலர் ரசித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அதே வருஷம்தான் மருத்துவர் பென்னட் ஒமாலு, இறந்துபோன வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளைச் சிதைவு பற்றிக் கட்டுரை வெளியிட்டார். என்எஃப்எல்லின் மருத்துவக் குழுவினர் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள்.

லீக்கின் பெயர் இருந்தவரை அடி வெறும் வேடிக்கை. பெயர் போனதும்தான் அடிபட்டவனுக்கு உடம்பு வந்தது.