இரண்டு ஒஸ்லோக்கள்

பிரச்சினை தீருமா என்பதற்கு முன்னால், யாருடைய பிரச்சினையை யார் தீர்ப்பது என்று கேட்டாக வேண்டும். வல்லத்திராக்கோட்டை டீக்கடையில் காஸா செய்தியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்த அப்பத்தா ஒருத்தி இடைமறித்தாள்: "எங்களயும் இப்படித்தான் எண்ணிப் பிரிச்சாக. ஒரு வார்த்த கேட்டாகளாப்பா?" இந்தக் கேள்வியை வைத்துத்தான் பாலஸ்தீனத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

1917இல் பால்ஃபர் பிரகடனம், அங்கே பெரும்பான்மையாக இருந்த அராபியரைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடவில்லை, 'யூதரல்லாதவர்' என்றது. 1948இல் பிரிட்டன் இலங்கையிலிருந்தும் பாலஸ்தீனத்திலிருந்தும் வெளியேறியது. அங்கே பாலஸ்தீனர்கள் ஏழு லட்சம் பேர் அகதிகளானார்கள். இங்கே அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கிட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் ஆடுமாடு பிரிப்பதுபோல.

1987 ஜூலை 29 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும். போராடியவர்கள் அதில் ஒரு தரப்பே அல்ல. காவலுக்குப் போன இந்தியப் படை சில மாதங்களிலேயே போரிடும் படையானது. பதின்மூன்றாம் திருத்தம் ஏட்டில் இருக்கிறது. அதன் காணி, போலீஸ் அதிகாரங்கள் மாகாணங்களின் கைக்கு வரவில்லை.

அடுத்து நார்வே. 1993இல் ஒஸ்லோ வழி வந்த பாலஸ்தீன உடன்பாடு எல்லை, ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள் அனைத்தையும் 'பிறகு' என்று தள்ளிவைத்தது. அந்தப் 'பிறகு'க்குள் குடியேற்றங்கள் பெருகின. அதே நார்வே இலங்கைக்கும் வந்தது. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் கூட்டாட்சி பற்றிப் பேசினார்கள். ஆனால் 1990இல் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் போர்நிறுத்த உடன்பாட்டில் ஒரு தரப்பாக இல்லை. ஆக, ஆளை விட்டுவிட்டுப் பேசுவது வெளியாருக்கு மட்டும் உரிய வியாதியல்ல. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது.

அப்படியானால் வெளியாரே வேண்டாமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பலம் சமமில்லாத இருவரைத் தனியே விட்டால் பலசாலி சொல்வதுதான் சமாதானம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: நார்வேயிடம் பலசாலியைக் கட்டுப்படுத்தும் வலு இல்லை, வலுவுள்ள அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்துக்கொண்டே நடுவர் நாற்காலியிலும் உட்கார்கிறது. வாக்கை மீறுகிற பலசாலிக்கு விலை வைக்காத எந்த உடன்பாடும் அடுத்த போருக்கான இடைவேளைதான்.

நாமும் ஒருவகையில் வெளியார்தான். ஈழத்துக்காக மேடையில் குரல் உடைய நாம், லேனாவிளக்கு முகாமில் இருப்பவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டோமா? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவேயில்லை. அப்பத்தாவின் கேள்வி கொழும்பையும் டெல்லியையும் மட்டும் பார்த்துக் கேட்டதல்ல.