பத்து ஆராங்: கரியும் ஏரியும்

சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை 1891ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நெகிரி செம்பிலான் தோட்டங்களின் ரப்பர் பின்னாளில் அவ்வழியே துறைமுகம் சென்றது. மலாயா இரயில்வேயின் நீராவி இயந்திரங்களுக்கு முதலில் விறகே தீனி. பின்னர் அவை நிலக்கரிக்கு மாறின. அக்கரியைத் தந்த ஊர் சிலாங்கூரில், ரவாங்கை அடுத்துள்ள பத்து ஆராங். மலாய்மொழியில் அப்பெயருக்கே நிலக்கரி என்பதுதான் பொருள்.

இன்று அவ்வூருக்குச் செல்வோர் காண்பவை ஏரிகள். அவை இயற்கை தந்தவை அல்ல. மனிதர் கரியெடுத்த குழிகளில் மழைநீரும் ஊற்றுநீரும் நிறைந்து உண்டானவை. இதில் ஒரு விந்தையும் உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏரியும் சதுப்புக் காடும் இருந்தன. சாய்ந்த மரங்கள் சேற்றில் புதைந்து இறுகியே நிலக்கரி ஆயின. ஏரி கரியாயிற்று, கரி போன இடம் மீண்டும் ஏரியாயிற்று!

இக்கரி புவியியல் கணக்கில் இளமையானது, ஈரம் மிகுந்தது, காற்றுப்பட்டால் உதிரும், தானே தீப்பற்றவும் கூடும். ஆகவே நெடுநாள் குவித்து வைக்கவோ, தொலைநாடுகளுக்குக் கப்பலேற்றவோ ஏற்றதன்று. உள்நாட்டு இரயிலும் ஈயச் சுரங்கங்களும் மின்நிலையங்களுமே அதனை வாங்கின.

1908இல் கண்டறியப்பட்ட கரியை 1915 முதல் ஜே. ஏ. ரஸ்ஸலின் மலாயன் கோலியரீஸ் நிறுவனம் தோண்டியது. குவாங்கிலிருந்து கிளைப்பாதை போடப்பட்டது. செங்கற்சூளையும் ஒட்டுப்பலகை ஆலையும் தோன்றின. 1940இல் ஓராண்டு விளைச்சல் 7 இலட்சம் டன்னைத் தாண்டியது.

இவ்வளவையும் வெட்டியவர் யாவர்? பெரும்பாலோர் சீனர், இந்தியத் தொழிலாளரும் உடன் உழைத்தனர். குத்தகைக்காரர் வழியாகவே பலருக்குக் கூலி கிடைத்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் குறைந்த கூலி, தொழில் மீண்டும் செழித்தபோதும் போதிய அளவு உயரவில்லை. 1936 நவம்பரில் வேலைநிறுத்தம் எழுந்தது. 1937 மார்ச்சில் மீண்டும் மூண்டபோது தொழிலாளர் சுரங்கத்தையே தம் வசப்படுத்திக்கொண்டனர். சில நாள்களில் போலீஸ் படை புகுந்து அதனை மீட்டது. அதே மாதத்தில்தான் காஜாங்கில் தொடங்கிய ரப்பர்த் தோட்ட வேலைநிறுத்தம் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. தோட்ட வரலாற்றைப் பால்மரத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்வோர் இவ்வுறவைக் காணத் தவறுகின்றனர்.

1948 ஜூலையில், அவசரகாலத் தொடக்கத்தில், ஊர் ஆயுதத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஆயினும் சுரங்கத்தை வீழ்த்தியது துப்பாக்கியன்று, எண்ணெய். இரயில்வே டீசலுக்கு மாறியது. மின்நிலையங்களும் எண்ணெயை நாடின. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் போர்ட்டிக்சன் கடற்கரையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன.

வேலை போனதும் குடும்பங்கள் பல வெளியேறின. நிலத்தடியில் பழைய சுரங்கவழிகள் ஓடுவதால் ஊரில் கட்டடங்களை விரும்பியவாறு எழுப்ப இயலாது. செங்கற் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. ஏரிகளில் தூண்டில் போடுவோர் கரையோரத்தில் எச்சரிக்கையாகவே நிற்க வேண்டும். வெட்டிய குழியாதலால் ஓரடி தள்ளினாலே ஆழம்.