புதுச்சேரி ஆற்றுநீர்ப் பங்கீடு

புதுச்சேரி மண்ணில் பெரிய ஆறு எதுவும் பிறப்பதில்லை. சங்கராபரணி செஞ்சிப் பக்கத்திலிருந்து வருகிறது. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் கடந்து வருகிறது. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலுக்குக் காவிரியின் கிளைகள். மேலே உள்ளவர் விட்டால்தான் கீழே தண்ணீர் என்ற கடைமடைக்காரரின் நிலையே இப்பங்கீட்டு வரலாறு முழுவதும் தொடர்கிறது.

1816இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து புதுச்சேரியைத் திரும்பப் பெற்றபோது, அது ஒரே நிலப்பரப்பாக இல்லை. துண்டு துண்டான ஊர்களுக்கு நடுவே ஆங்கிலேயரின் தென்னார்க்காடு புகுந்திருந்தது. பாகூர் ஏரி பிரெஞ்சு மண்ணில். அதை நிரப்பும் பங்காரு வாய்க்கால் பிரியும், தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டு ஆங்கிலேயர் பக்கம். இரு அரசுகளும் உடன்பாடு செய்துகொண்டே இந்த நீரைப் பகிர்ந்தன. ஆனால் வாய்க்காலை வெட்டியவர்கள் பங்காரி, சிங்காரி என்ற இரு சகோதரிகள் என்பதே ஊர்வழக்கு. அரசுகள் மாறினாலும் பாகூர் மக்களின் நினைவில் நிற்பது அந்தப் பெண்கள்தான். வாய்க்காலின் தலைப்பில் மணல் ஏறிவிட்டால், ஆற்றில் வெள்ளம் ஓடினாலும் ஏரிக்குத் தண்ணீர் வராது. தூர் வார வேண்டிய இடமும் எல்லைக்கு அப்பால்தான். எனவே பங்கு எவ்வளவு என்பதோடு, மதகும் மண்வெட்டியும் யார் கையில் என்பதும் முக்கியம்.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962இல். நாட்டு எல்லை மாநில எல்லையானது, அவ்வளவே. சங்கராபரணியில் தமிழ்நாடு கட்டிய வீடூர் அணையின் பாசனத்தில் 1,000 ஏக்கர் புதுச்சேரிக்கு உரியது. ஊசுட்டேரியிலோ எல்லைக்கோடு நீர்ப்பரப்பின் நடுவிலேயே செல்கிறது. இரு அரசுகளும் தத்தம் பகுதியைத் தனித்தனியே பறவைகள் சரணாலயமாக அறிவித்தன.

காவிரியில் கதை வேறு. 1924 ஒப்பந்தம் சென்னை, மைசூர் அரசுகளுக்கு இடையிலானது. காரைக்காலை ஆண்ட பிரெஞ்சு அரசு அதில் கையொப்பமிடவில்லை. 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 1991 இடைக்கால உத்தரவில் காரைக்காலுக்கு 6 டிஎம்சி ஒதுக்கியது. 2007 இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டிஎம்சியில் 7 டிஎம்சி கிடைத்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று கர்நாடக, தமிழ்நாட்டுப் பங்குகளை மாற்றியபோதும் இந்த 7ஐத் தொடவில்லை. அளவு சிறியது, ஆனால் அரசலாறு, திருமலைராஜனாறு வழியாகக் கடைசியில் வந்து சேரும் அந்த நீரை நம்பித்தான் காரைக்காலின் நடவு.

கடல் சூடேற, மழை சில நாள்களுக்குள் கொட்டித் தீர்ப்பது பங்கீட்டின் தன்மையையே மாற்றுகிறது. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த பெஞ்சல் புயலில், புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தொடர்ந்து, டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தென்பெண்ணையில் திறக்கப்பட, பாகூர்ப் பகுதிக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. பங்காரு வாய்க்காலில் வேண்டி நின்ற அதே ஆற்றுநீர், இம்முறை கேட்காமலே வீட்டுக்குள் வந்தது. பற்றாக்குறையைப் பங்கிடவே பழகிய இந்த ஏற்பாடுகளில், வெள்ளத்தைப் பங்கிட வழியில்லை. கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிவருவதால், அந்த வெள்ளத்தில் ஒரு பகுதியையாவது ஏரிகளில் தேக்குவது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999இல் தொடங்கிய திட்டத்தில் புதுச்சேரியின் 84 ஏரிகள் சீரமைக்கப்பட்டன. அவற்றில் பலவற்றின் வரத்து வாய்க்கால்கள் இன்றும் தமிழ்நாட்டிலிருந்தே வருகின்றன.